மினுக்கியது யார்?

சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், ரோஜாத் தோட்டம், தொட்டபெட்டா என்று ஒரு சுற்று முடித்துவிட்டு, வர்க்கியும் நீலகிரித் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஊருக்குச் சற்றுத் தள்ளி முத்தொரை என்ற இடத்தில், மலைச்சரிவில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு எஃகுச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. அது ஒரு ரேடியோ தொலைநோக்கி. 1970-லிருந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பார்க்கிறது என்று சொல்லாமல் கேட்கிறது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு வெளிச்சம் வேண்டாம், ரேடியோ அலை போதும்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது வருடங்கள் வானியலாளர்களிடையே ஒரு தகராறு நடந்தது. குவேசார் என்ற தொலைதூரப் பொருட்கள் சில, ரேடியோவில் மளமளவென்று மினுக்குகின்றன. மினுக்குவது குவேசாரா, நடுவில் இருக்கும் ஏதாவதா? அந்தக் கதையில் நம்ம முத்தொரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை எழுதிவைக்க ஆசை.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வால்வு ரேடியோவைத் திருகி வைத்தால், நல்ல பாட்டின் சரணத்தில் சத்தம் அப்படியே உள்ளே போய்விடும். கொஞ்ச நேரத்தில் தானாக மேலே வரும். ரேடியோவின் தலையில் தட்டிப் பார்ப்போம், ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டுவோம். பாடினவர் குரலை இறக்கவும் இல்லை, கொழும்பில் யாரும் எதையும் திருகவும் இல்லை. மேலே அயனமண்டலம் என்று ஒன்று இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற வாயுப் படலம். அதில் பட்டுத் திரும்பும் அலை பல வழிகளில் வந்து சேர்கிறது. வழிகள் ஒத்துப்போனால் சத்தம் ஏறும், ஒத்துப்போகாவிட்டால் இறங்கும். குற்றம் முழுக்க வழியில்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது என்று சின்ன வகுப்பிலேயே சொல்லித்தருகிறோம். ஏன் என்பதை விளக்க நான் பையன்களிடம் வாய்க்காலைத்தான் சொல்வேன். ஜேடர்பாளையத்திலிருந்து வரும் ராஜவாய்க்காலில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடும்போது, நல்ல வெயிலில் அடியைப் பார்த்தால் வெளிச்சக் கோடுகள் வலை போல ஆடிக்கொண்டிருக்கும். அலையும் மேல்மட்டம் வெயிலை ஒரு இடத்தில் குவிக்கிறது, பக்கத்து இடத்தில் விரிக்கிறது. அடியில் ஊர்கிற நத்தைக்குச் சூரியன் பிரகாசிப்பதும் மங்குவதுமாகத் தெரியும். அதே வாய்க்காலை மேகம் மூடிய நாளில் பாருங்கள், வலையே இருக்காது. வெளிச்சம் ஒரு சிறு வட்டத்திலிருந்து வராமல் வானம் முழுவதிலிருந்தும் வருவதால், ஒன்றின் கோடு இன்னொன்றின் கோட்டை அழித்துவிடுகிறது. ஆகவே ஒன்று மினுக்குகிறது என்றால் அது பார்வைக்கு மிகச் சின்னதாக இருக்கவேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

குவேசாரின் கதை 1962-ல் ஆரம்பம். 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை நிலா கடந்து மறைத்தது. மறையும் நொடியையும் வெளிவரும் நொடியையும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் அவர் கூட்டாளிகளும் குறித்து, அதன் இடத்தைத் துல்லியமாகச் சொன்னார்கள். அந்த இடத்தில் சாதாரண நட்சத்திரம் போல ஒரு புள்ளி. அடுத்த வருடம் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்து, அது நம் பால்வீதிக்கு எவ்வளவோ அப்பால், இருநூறு கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பதைக் காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு பிரகாசம். பெரும் கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கும்போது வரும் வெளிச்சம் அது என்று இன்று சொல்கிறோம்.

அந்தச் சமயத்தில்தான் கோவிந்த் ஸ்வரூப் இந்தியா திரும்புகிறார். 1961-ல் வெளிநாட்டிலிருந்த நான்கு இந்திய வானியலாளர்கள், நாங்கள் திரும்பி வந்து ஒரு ரேடியோ வானியல் குழு அமைக்கத் தயார் என்று எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்திவந்த ஹோமி பாபா வரச் சொல்லிவிட்டார். ஸ்வரூப் 1963-ல் வந்து சேர்ந்தார். பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாணில், ஆஸ்திரேலியா அன்பளிப்பாகக் கொடுத்த 32 சின்னக் கிண்ணங்களை வைத்து முதல் கருவி. ஆனால் அவர் மனதில் இருந்தது ஹசார்டு செய்த நிலா மறைப்பு வேலை. அதையே நூற்றுக்கணக்கான மூலங்களுக்குச் செய்யவேண்டும். அதற்கு மிகப் பெரிய தொலைநோக்கி வேண்டும், நிலாவை மணிக்கணக்கில் பின்தொடரவும் வேண்டும். கையில் பணம் குறைவு.

அங்கேதான் நம் அட்சரேகை கைகொடுத்தது. பூமி சுழல்வதால் வானம் நகர்கிறது. பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு நீளத் தொட்டியைப் படுக்கவைத்தால், அதை ஒரே அச்சில் மெல்ல உருட்டிக்கொண்டே போனால் போதும், வானத்துப் பொருள் தப்பாது. இரண்டு திசையிலும் திருப்பும் பெரிய இயந்திரம் தேவையில்லை. பூமியின் அச்சுக்கு இணையாக வைப்பது என்றால் அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி சாய்க்கவேண்டும். ஊட்டி ஏறத்தாழ 11.4 டிகிரி. நாமக்கல்லும் அதை ஒட்டித்தான், 11.2. துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கே அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத் தெரிவது இதனால்தான். சமவெளியில் இந்தத் தொட்டியைக் கட்டியிருந்தால் வடக்கு முனையை நூறு மீட்டருக்கு மேல், நாமக்கல் கோட்டைப் பாறையைவிட உயரத்துக்குத் தூக்கி நிறுத்தவேண்டும். ஆகாத காரியம். ஆகவே வடக்குத் தெற்காக அதே அளவு சாய்ந்த மலைச்சரிவைத் தேடினார்கள். முத்தொரையில் கிடைத்தது. மலையே தாங்கியாகிவிட்டது.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 வளைந்த எஃகுச் சட்டங்கள். அவற்றின் மேல் நீளவாக்கில் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். தகடு இல்லை, கண்ணாடி இல்லை, வெறும் கம்பி. ஒரு மீட்டர் அளவு நீளமுள்ள அலைக்கு நெருக்கமாகக் கட்டிய கம்பிகளே கண்ணாடிதான். குவியும் கோட்டில் 1,056 இருமுனைக் கம்பிகள் அலையை வாங்குகின்றன. அலைவரிசை 327 மெகாஹெர்ட்ஸ். ஒரு பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். பாபா 1966 ஜனவரியில் விமான விபத்தில் இறந்துபோனார், இதைப் பார்க்க அவர் இல்லை. 1970-ல் வேலை முடிந்தது. வடிவமைப்பும் கட்டுமானமும் இங்கேயே. கோதுமைக்கு அமெரிக்கக் கப்பலை எதிர்பார்த்த வருடங்களில் இது நடந்தது என்பதை எங்கள் தலைமுறை மறக்கமுடியாது. ஸ்வரூப் 2020 செப்டம்பரில், 91-வது வயதில் காலமானார்.

நிலா மறைப்பு வேலை நன்றாகவே நடந்தது. தூரத்து ரேடியோ மூலங்களின் பார்வை அளவைக் கணக்கெடுத்து, பிரபஞ்சம் மாறாமல் இருக்கிறது என்ற கொள்கைக்கு எதிராகவும் பெருவெடிப்புக்கு ஆதரவாகவும் 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் சாட்சி சொன்னார்கள். ஆனால் நிலா போகும் பாதையில் உள்ளவற்றுக்குத்தான் இந்த வித்தை பலிக்கும். மற்றவற்றுக்கு? மினுக்கம்.

கேம்பிரிட்ஜில் அந்தோணி ஹெவிஷ் குழு 1964-ல் ஒன்றைச் சொல்லியிருந்தது. சூரியனிலிருந்து எந்நேரமும் வீசும் மின்னூட்ட வாயுவின் ஊடே பார்த்தால், சின்ன ரேடியோ மூலங்கள் நொடிக்கு நொடி மினுக்குகின்றன, பெரியவை மினுக்குவதில்லை. வாய்க்கால் கணக்குதான். மினுக்கத்தை வைத்தே எது சின்னது என்று பொறுக்கியெடுக்கலாம், எவ்வளவு சின்னது என்றும் அளக்கலாம். அந்த வேலைக்காகக் கட்டிய ஏரியல் வயலில்தான் 1967-ல் ஆராய்ச்சி மாணவி ஜோசலின் பெல் பல்சாரைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1974-ல் ஹெவிஷுக்குப் போனது, பெல்லுக்குப் பங்கில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரிய அநியாயம்.

முத்தொரையிலும் இந்தச் சூரியக் காற்று மினுக்கத்தை எழுபதுகளிலிருந்து அளந்தார்கள். பிறகு விஷயம் திரும்பிக்கொண்டது. குவேசாரை அறிய மினுக்கத்தைப் பயன்படுத்தியவர்கள், குவேசாரை விளக்காக வைத்துக்கொண்டு நடுவிலுள்ள சூரியக் காற்றை ஆராய ஆரம்பித்தார்கள். பி.கே. மனோகரன் முதலானவர்கள் சூரியப் புயல் எந்த வேகத்தில் பூமிப்பக்கம் வருகிறது என்று இந்த வழியில் பல வருடங்கள் கணக்கெடுத்தார்கள்.

இப்போது தகராறுக்கு வருகிறேன். சூரியக் காற்றின் மினுக்கம் நொடிக்கணக்கு. ஆனால் சில குவேசார்கள் வேறு மாதிரி ஏறி இறங்கின. 1972-ல் ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஹன்ஸ்டெட், நீண்ட அலையில் சில மூலங்கள் வருடக்கணக்கில் மாறுவதைக் காட்டினார். 1984-ல் அமெரிக்காவில் டேவிட் ஹீஷன், சில மூலங்கள் நாள்கணக்கில் சில சதவீதம் ஆடுவதைக் கவனித்து அதற்கு மினுக்கம் என்றே பெயர் வைத்தார். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் ஜெர்மனியின் எஃபல்ஸ்பெர்க் தொலைநோக்கியில் ஒரே நாளுக்குள்ளேயே மாறுகிறவை அகப்பட்டன.

மாறினால் மாறட்டுமே என்று விடமுடியாது. ஒரு பொருள் ஒரு மணி நேரத்தில் பிரகாசித்து மங்குகிறது என்றால், அதன் அகலம் ஒளி ஒரு மணி நேரத்தில் போகும் தூரத்துக்குள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இந்த ஓரத்தில் நடப்பது அந்த ஓரத்துக்குத் தெரியவே நேரமாகும். ஒளி ஒரு மணி நேரத்தில் போவது 108 கோடி கிலோமீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் சூரியனிலிருந்து சனிக்கோள் அதைவிடத் தூரம். நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டுக்கு அப்பால், அவ்வளவு சின்ன இடத்திலிருந்து இவ்வளவு சக்தியா? ரேடியோ மூலத்தின் பிரகாசத்தை வெப்பநிலைக் கணக்கில் சொல்வது வழக்கம். அது சுமார் லட்சம் கோடி டிகிரியைத் தாண்டினால், மூலம் தன் சக்தியை எக்ஸ் கதிராக நொடியில் இழந்துவிடும் என்று 1969-லேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். இந்த மினுக்கம் குவேசாருடையது என்றால் அந்த எல்லை கோடி மடங்குக்கு மேல் உடைகிறது. ஒன்று, இயற்பியலைத் திருத்தவேண்டும். அல்லது, மினுக்கம் குவேசாருடையது அல்ல.

அல்ல என்று சொன்னவர்களில் முக்கியமானவர் பார்னி ரிக்கெட். நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் இடம் காலி இல்லை. லிட்டருக்குச் சராசரியாகச் சில பத்து எலக்ட்ரான்கள் இருக்கின்றன. நம் ஆய்வுக்கூடத்து வெற்றிடத்தைவிட வெறுமையானதுதான், ஆனால் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு ஆழத்துக்குச் சேரும்போது அதன் மேடுபள்ளம் ரேடியோ அலையை வளைக்கும். பல்சார்கள் இதனால் மினுக்குவது முன்பே தெரிந்ததுதானே என்றார். எதிர்க்கட்சியும் லேசுப்பட்டதல்ல. 1990-ல் 0716+714 என்ற மூலத்தில் ரேடியோவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஒரே தாளத்தில் மாறியதைப் பதிவு செய்தார்கள். அந்த வாயு ஒளியைத் தொடாது. அப்படியிருக்க இரண்டும் சேர்ந்து ஆடினால் குற்றம் மூலத்தில்தானே? நியாயமான கேள்வி. சில மூலங்கள் நிஜமாகவே தாங்களும் மாறுகின்றன என்பது இன்றும் உண்மை.

1996-ல் ஆஸ்திரேலியாவில் லூசினா கெட்ஸியோரா-சுட்சர், டேவிட் ஜான்சி குழு பி.கே.எஸ். 0405-385 என்ற குவேசாரைப் பிடித்தது. ஒரு மணி நேரத்துக்குள் பாதியளவு மாறியது. அதன் சொந்த மாற்றம் என்று வைத்துக்கொண்டால் வெப்பநிலை அந்த லட்சம் கோடியைப்போல் நூறு கோடி மடங்கு. தகராறு முற்றிவிட்டது.

தீர்த்துவைத்த சோதனை மிக எளிமையானது. ஆடி மாதத்தில் மேற்கே இருந்து மேகம் ஓடும்போது நிழலைக் கவனித்திருப்பீர்கள். திருச்செங்கோட்டில் வெயில் மறையும், கொஞ்ச நேரம் கழித்து நாமக்கல்லில், பிறகு சேந்தமங்கலத்தில், அப்புறம் கொல்லிமலை இருட்டும். சூரியனே மங்கினால் நான்கு இடத்திலும் ஒரே சமயத்தில் மங்கவேண்டும். முன்பின்னாக மங்கினால் நடுவில் மேகம் இருக்கிறது என்று பொருள். அதேபோல ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இரண்டு தொலைநோக்கிகளால் 0405-385-ஐ ஒரே நேரத்தில் அளந்தார்கள். நடுவே பத்தாயிரம் கிலோமீட்டர். அதே ஏற்ற இறக்கம் ஒரு இடத்தில் வந்து, சுமார் 140 வினாடி கழித்து மற்ற இடத்துக்கு வந்தது. 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். வாயுவின் நிழல் நொடிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பூமியைக் கடந்திருந்தது.

இன்னொரு சாட்சி நெதர்லாந்திலிருந்து. ஜேன் டெனட்-தார்ப், கெர் டி புருயின் இருவரும் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியில் ஜே 1819+3845 என்ற குவேசாரைக் கண்டார்கள். சில மணி நேரத்தில் மூன்று மடங்குக்கு மேல் மாறும். அதை வருடம் முழுக்கத் தொடர்ந்தபோது, சில மாதங்களில் வேகமாகவும் சில மாதங்களில் நிதானமாகவும் மினுக்கியது. அடுத்த வருடமும் அதே மாதங்களில் அப்படியே. தூரத்துக் குவேசாருக்கு நம் காலண்டர் எப்படித் தெரியும்? பூமி சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. நிழல் போகும் திசையிலேயே நாமும் போகும் மாதங்களில், மேக நிழலோடு சேர்ந்து சைக்கிள் மிதிப்பவன் மாதிரி, நிழல் நம்மை மெதுவாகத்தான் கடக்கும். எதிரே போகும் மாதங்களில் சரசரவென்று கடக்கும். என்னைக் கேட்டால் இரண்டு சோதனைகளில் இதுதான் அழகானது. ஒரு தொலைநோக்கியும் பொறுமையும் போதும்.

மினுக்கம் வாயுவின் வேலை என்றானதும் குவேசார் அவ்வளவு குட்டியாக இருக்கவேண்டிய கட்டாயம் போய்விட்டது. இயற்பியலின் எல்லையும் பெரும்பாலும் தப்பியது. மிச்சமிருந்த கொஞ்சத்தை, நம்மை நோக்கிக் கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் பீறிடும் தாரை என்று விளக்கிவிடலாம். இருந்தாலும் மினுக்கம் வேண்டுமென்றால் பார்வைக்குச் சின்னதாக இருந்தே ஆகவேண்டும். நிலாவில் கிடக்கும் ஒரு ரூபாய்க் காசை இங்கிருந்து பார்க்கிற அளவு.

அந்த வாயு எங்கே இருக்கிறது? இதில் முத்தொரை மறுபடியும் வருகிறது. 1993 ஜனவரியிலிருந்து 1995 ஆகஸ்ட் வரை ரமேஷ் பட், யஷ்வந்த் குப்தா, பிரமேஷ் ராவ் மூவரும் 18 பல்சார்களின் மினுக்கத்தை அந்தக் கம்பித் தொட்டியில் தொடர்ந்து அளந்தார்கள். இரண்டரை வருடத்துக்கு மேல் அதே 18 பொருட்கள். சூரியன் இருக்கும் பகுதி வாயு மிகக் குறைந்த ஒரு குமிழி என்று முன்பே தெரியும். அந்தக் குமிழியின் ஓரத்தில் கலங்கிய வாயு ஒரு ஓடு போலச் சூழ்ந்திருக்கிறது என்று இவர்கள் கணக்கு சொன்னது. உள்ளே உட்கார்ந்தபடியே, வெளியிலுள்ள விளக்குகள் எப்படி ஆடுகின்றன என்று பார்த்துக் கண்ணுக்குத் தெரியாத சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். ஊட்டிக்கு எத்தனை தடவை போயிருக்கிறோம், இதை ஒரு வழிகாட்டியாவது சொன்னதுண்டா?

ஆனால் 1819 போன்ற அவசரக்காரக் குவேசார்களை மினுக்கவைக்கும் வாயு அந்த ஓட்டில் இல்லை, இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. சில ஒளியாண்டு, மிஞ்சினால் சில பத்து ஒளியாண்டு. குமிழிக்குள்ளே அப்படி ஒரு கலங்கல் ஏன் இருக்கவேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. இந்தக் குழப்பத்துக்கு நடுவில், 2006-க்கும் 2007-க்கும் இடையில், 1819 மினுக்குவதை நிறுத்திவிட்டது. குவேசாருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாயுத் துண்டு நகர்ந்து போய்விட்டது, அவ்வளவுதான்.

2017-ல் மார்க் வாக்கர் குழு ஒரு யோசனை சொன்னது. பி.கே.எஸ். 1322-110 என்ற இன்னொரு வேகமான மினுக்கி, வானத்தில் ஸ்பைக்கா என்ற வெப்பமான நட்சத்திரத்தை ஒட்டித் தெரிகிறது. நிலாவின் அகலத்தில் பாதிகூட இடைவெளி இல்லை. பழைய 1819-ஐத் திருப்பிப் பார்த்தால் அதுவும் நாம் அபிஜித் என்று சொல்லும் வேகாவுக்குப் பக்கத்தில். இப்படிப்பட்ட நட்சத்திரங்களைச் சுற்றி மயிரிழை போல வாயு இழைகள் நீண்டு நிற்கின்றன, அவைதான் குற்றவாளி என்பது அவர்கள் வாதம். எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டதாகச் சொல்லமுடியாது.

ஸ்பைக்கா என்பது வேறொன்றுமில்லை, நம் பஞ்சாங்கத்துச் சித்திரை நட்சத்திரம்தான். சித்திரா பௌர்ணமியன்று முழுநிலா நிற்பது அந்தப் பக்கத்தில். நிலா இல்லாத சித்திரை மாத இரவில், எட்டு மணிக்கு மேல் மொட்டைமாடியில் நின்று தென்கிழக்கே பார்த்தால் நீலம் கலந்த வெள்ளையாகத் தெரியும். அது சிமிட்டுவது நம் ஊர்க் காற்றினால். அதை ஒட்டி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில், அந்தக் குவேசார் ரேடியோவில் வேறொரு தாளத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும்.